வீட்டுக்காரியைக் கேட்கவில்லை

"கிணத்துத் தண்ணி உப்பா, நல்லதா?"

எந்த வீட்டுக்குப் போனாலும் ஹமீட் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பிறகு மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். கக்கூசு தனியா, பொதுவா? மாரி மழைக்கு வளவில் தண்ணீர் தேங்குமா? கறண்டுக்குத் தனி மீற்றர் உண்டா? ஓடு ஒழுகுமா? இருபத்தெட்டு வருடம் பஸ்ஸில் கொண்டக்டராக நின்ற மனிதர். ஆளின் முகத்தைப் பார்த்துக் கேட்பார். பதிலை வாங்காமல் நகரமாட்டார்.

இந்தக் கேள்விகளால் அவர் மனைவி சுபைறாவுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அவள் அஞ்சியது அவருடைய கடைசிக் கேள்விக்கு.

"தம்பி, நான் வருத்தக்காரன். இன்னும் மூணு மாசமோ நாலு மாசமோ எண்டு டொக்டர் செல்லியிரிக்கார். நான் மௌத்தானா என்ட மையத்த இந்த ஊட்டால எடுக்க விடுவீங்களா? என்ட பொஞ்சாதிய இஞ்சயே இத்தா இரிக்க விடுவீங்களா?"

கல்முனைக்குடியில் ஒரு வீட்டுக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்டதும் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது அந்த வீடு வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது. இன்னொருவர் சவூதியில் இருக்கும் மகனைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அந்த மகனின் பதில் இன்னும் வரவில்லை.

"இஞ்சாருங்க, அத மட்டும் கேக்காம உடுங்களன்" என்று திரும்பும் வழியில் சுபைறா கெஞ்சினாள். "மத்ததெல்லாம் கேளுங்க. ஊட்ட எடுப்பம். பொறகு அல்லாஹ் உட்ட வழி."

"எங்க இறங்குறது எண்டு செல்லாம ஏறுறவன எத்தின பேர நான் ஏசியிரிக்கன் தெரியுமா?" என்றார் ஹமீட். சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் வலி வந்துவிட்டது. மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் வயிற்றில் ஒரு கட்டி இருந்தது. கொழும்பில் காட்டியபோது டொக்டர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஊருக்குக் கூட்டிப்போங்கள், விரும்பியதைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். அதற்கு மேல் யாரும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை.

வீடு இல்லாமல் போனதும் ஒரு கதைதான். இந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்கு. பிறந்த வீட்டில் சீதனமாகக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை வந்து அங்கே குடியிருப்பான். சுபைறாவுக்கும் உம்மா வாப்பா கட்டிக் கொடுத்த வீடு மேற்கே வயற்கரை ஊர் ஒன்றில் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டுப் பிரச்சினையில் அந்த ஊரே எரிந்தது. உடுத்த உடுப்போடு ஓடிவந்தவர்கள், ஐந்து வருடமாகச் சாய்ந்தமருதில் அவள் தங்கை சரீபாவின் வீட்டுப் பின்னறையில் இருந்தார்கள். இப்போது சரீபாவின் மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வந்து சேர வேண்டும். புது மாப்பிள்ளை வரும் வீட்டில் சாகக் கிடக்கிற ஆளை வைத்திருக்க முடியாது என்று சரீபாவின் புருசன் ஒருநாள் சோற்றுக்கு முன்னால் இருந்து சொன்னான். சரீபா தலையைக் குனிந்தபடி கறியை அள்ளி வைத்தாள். 

ஒரே மகன் ஸிராஜ் அக்கரைப்பற்றில் கலியாணம் முடித்து, பெண்டாட்டியின் வீட்டில் இருந்தான். அது அவனுடைய வீடு அல்ல. அவனுடைய மாமனாரும் இரண்டு மச்சான்மாரும் நடமாடுகிற வீடு. அங்கே போய் சுபைறா எப்படி இத்தா இருப்பாள்? புருசன் மௌத்தானால் பெண் நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அவர் கண்ணை மூடியபோது எந்த வீட்டில் குடியிருந்தாளோ, அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். இடையில் யாராவது எழுப்பிவிட்டால் வெள்ளைச் சேலையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். ஐந்து வருடமாக அகதி என்ற பேரைச் சுமந்தவளுக்கு அந்த நிலையை நினைத்துப் பார்க்கவே உடம்பு கூசியது.

நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை, கடற்கரைப் பக்கம் ஒரு ஒழுங்கையில் புது வீடு ஒன்று வாடகைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார்கள். வீட்டுக்காரர் முத்தலிப். பஜாரில் சீமெந்துக் கடை வைத்திருப்பவர். ஒரே வளவில் இரண்டு வீடுகள் இருந்தன. முன் வீட்டில் அவரும் குடும்பமும் இருந்தார்கள். கிழக்கே புதிதாகக் கட்டியதைத்தான் வாடகைக்கு விட நினைத்தார். முன்வீட்டு விறாந்தையில் ஹமீட்டுக்குக் கதிரை போட்டார், சுபைறா கீழே பாயில் அமர்ந்தாள். உள்ளே போகும் வாசலில் பூப்போட்ட திரை தொங்கியது. அதற்குப் பின்னால் அவர் மனைவி நாச்சியா நின்றாள். வளையல் சத்தம் கேட்டது.

"நல்ல தண்ணி காக்கா. கடல் கிட்ட எண்டாலும் நம்மட கிணறு சீனிதான்" என்று அண்ணன் முறை வைத்துப் பதில் சொன்னார் முத்தலிப்.

"கக்கூசு?"

"தனி. கொமட்டு வெச்ச கக்கூசு. இருக்க மனம் வந்தா எழும்ப மனம் வராது."

ஹமீட்டுக்குச் சிரிப்பு வந்தது. மீற்றரைக் கேட்டார், ஓட்டைக் கேட்டார், வளவுத் தண்ணீரைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் முத்தலிப் நேராகப் பதில் சொன்னார். தேத்தண்ணீர் வந்தது. ஹமீட் பாதி குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். சுபைறா முந்தானையை இழுத்துத் தலையை நன்றாக மூடிக்கொண்டாள். இனி வரப்போவது கடைசிக் கேள்வி.

கேட்டார். ஒரு சொல் குறைக்காமல் கேட்டார்.

முத்தலிப் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "காக்கா, மௌத்து எல்லாருக்கும் உள்ளது. அதுக்கொரு ஊடு இல்ல எண்டு நான் செல்ல மாட்டன்" என்றார். பிறகு திரைப் பக்கம் திரும்பினார். "நாச்சியா, கேட்டதா? நீ என்ன செல்ற?"

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. பதில் இல்லை.

"செல்லு புள்ள."

அதற்கும் பதில் இல்லை. முத்தலிப் சிரித்தார். "நிக்காஹ் நேரம் பொண்ணு பேசாம இருந்தா சம்மதம் எண்டுதானே பள்ளி லெவ்வை எழுதுறார்? இதுவும் அப்பிடித்தான். நீங்க சாமானக் கொண்டாங்க."

ஹமீட்டும் சிரித்தார். இரண்டு ஆண்களும் கைகொடுத்து ஸலாம் சொல்லிக்கொண்டார்கள். தாழ்வாக உட்கார்ந்திருந்த சுபைறா மட்டும் ஒன்றைக் கண்டாள். திரைக்கும் நிலத்துக்கும் இடையில் இருந்த நாலு விரல் இடைவெளியில் நாச்சியாவின் பாதங்கள் தெரிந்தன. ஹமீட் மையத்து என்ற சொல்லைச் சொன்னபோது அந்தப் பாதங்கள் ஓரடி பின்வாங்கின. முத்தலிப் பதில் கேட்டபோது இன்னும் ஓரடி பின்வாங்கின.

அவளுக்கு வீடு வேண்டியிருந்தது. கண்டதை யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் புதுச் சீமெந்தின் மணம் இருந்தது. கதவுகளில் வார்னிஷ் பளபளத்தது. உள்ளறை யன்னலைத் திறந்தால் கடல் காற்று. ஹமீட் அந்த யன்னலோரம் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, மெயின் ரோட்டில் போகிற பஸ்களின் கோர்ன் சத்தத்தைக் கேட்டே இன்னது இன்ன பஸ் என்று சொல்வார். முத்தலிப் கடை மூடி வரும்போது ஒருதரம் எட்டிப் பார்த்துக் கதைத்துவிட்டுப் போவார். நாச்சியா ஒருநாளும் வரவில்லை. கிணற்றடியில் சந்தித்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு விலகிப் போய்விடுவாள்.

ஐந்தாம் கிழமை ஹமீட்டுக்குக் கஞ்சியும் இறங்காமல் போயிற்று. ஸிராஜ் வந்து மூன்று நாள் நின்று பார்த்துவிட்டு அழுதுகொண்டு போனான். அவன் போன மறுநாள் முற்பகலில் நாச்சியா வந்தாள். முத்தலிப் கடைக்குப் போயிருந்தார். அவள் உள்ளே ஏறாமல் குசினி வாசலிலேயே நின்றாள்.

"ராத்தா, குறை நினையாதீங்க. நான் ஒண்டு செல்லணும்."

சுபைறாவுக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"இது என்ட மகள் அப்னாட ஊடு. அவட பேருக்கு எழுதி எட்டு மாசம். மாப்புள ஊட்டார் ஹஜ்ஜுப் பெருநாள் கழியக் கலியாணம் வைக்கணும் எண்டு ஆள் அனுப்பியிரிக்காங்க. நீங்க ஒரு ஊடு பாத்துப் போங்க ராத்தா. காக்கா நடமாடுற நிலமையில இருக்கக்குள்ளயே போங்க."

"தங்கச்சி, உங்கட ஊட்டுக்காரர்தானே ஓம் எண்டவர்?"

"அவர் செல்லுவார். அவருக்கு என்ன? பள்ளியில நாலு பேர் நல்ல மனுசன் எண்டா போதும். என்னட்ட ஆர் கேட்ட?"

"கேட்டாரே. நீங்க பேசாமத்தானே நிண்டீங்க?"

நாச்சியாவின் முகம் சிவந்தது. "சாகப் போற மனுசன் கண்ணுக்கு முன்னால இருந்து, நான் எங்க சாகுற எண்டு கேக்கார். ஒரு பொம்புள திரையத் தூக்கிப் போட்டு, இஞ்ச சாகாதீங்க எண்டு செல்லுவாளா? நீங்க செல்லுவீங்களா?"

 சுபைறாவுக்கு அந்தப் பாதங்கள் பின்வாங்கியது நினைவுக்கு வந்தது. தெரிந்தேதான் சாமானைக் கொண்டுவந்து இறக்கினாள். இப்போது எதைச் சொல்லி வாதாட?

நாச்சியா போய்விட்டாள். சுபைறா உள்ளறைக்கு வந்தபோது ஹமீட் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். குசினிக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர்தான்.

"நான் பிழை உட்டுட்டன் சுபைறா."

"ஒண்டும் நினையாதீங்க. முத்தலிப் தம்பி வாக்குத் தந்தவர்."

"வாக்கு அவர்ர. ஊடு அவர்ர இல்லயே. இத்தின கேள்வி கேட்டன், ஊடு ஆருக்குரியது எண்டு கேக்கல்ல. பொறந்ததுல இருந்து இந்தக் கரையில இரிக்கிற மனுசன் நான்." அவர் மூச்சு வாங்கினார். "சாமானக் கட்டு. ஊட்டுக்காரிக்கு மனமில்லாத ஊட்டுல இருந்து என்ட மையத்துப் போகப்படா."

"எங்க போற?"

 ஹமீட் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் முத்தலிப் வந்தபோது ஹமீட் விசயத்தைச் சொன்னார். முத்தலிப் துள்ளிக்கொண்டு எழுந்தார். "அவள் ஆரு செல்ல? நான் பேசினது பேசினதுதான்! இப்பவே போய்க் கேக்கன்."

"தம்பி இரிங்க. நீங்க பொஞ்சாதிய ஏசி அடக்கி எடுத்துத் தாற ஊட்டுல நான் மௌத்தானா, நாளைக்கு மறுமையில ஆரு பதில் செல்ற? நானா நீங்களா?"

முத்தலிப் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனார். முன் வீட்டில் குரல் உயர்ந்தது. ஏதோ பாத்திரம் விழுந்தது. பிறகு எல்லாம் அடங்கிப்போயிற்று.

மறுநாள் காலை சுபைறா முகத்தைக் கழுவி, தலையை மூடிக்கொண்டு முன் வீட்டுக்குப் போனாள். விறாந்தைப் பக்கம் போகவில்லை. வளவைச் சுற்றிப் பின்பக்கமாகக் குசினிக்கே போனாள். நாச்சியா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கண்ணிமைகள் வீங்கியிருந்தன. சுபைறா அவளுக்கு எதிரே தரையில் அமர்ந்தாள்.

"தங்கச்சி, அவர் போவம் எண்டுதான் செல்றார். உங்கட ஊட்டுக்காரர் ஏசுறத்துக்கு முதலே போவம் எண்டிட்டார். நாங்க போறதெண்டா போறம். போறத்துக்கு முதல் ஒரு தரம் உங்களிட்டக் கேக்க வந்தன். அண்டைக்கு உங்கட கால் பின்னுக்குப் போனத நான் கண்டன். கண்டும் பேசாம இருந்தன். அது என்ட பிழை. இப்ப நான் கேக்கன், நீங்க செல்லுங்க. ஏலா எண்டா ஏலா எண்டு செல்லுங்க. என்ட புருசன இந்த ஊட்டால எடுக்க உடுவீங்களா? நான் இத்தா இரிக்க உடுவீங்களா?"

நாச்சியா கீரையைச் சுளகில் வைத்தாள். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. சுபைறா அசையவில்லை. இந்த முறை அந்த மௌனத்தை எந்த அர்த்தத்திலும் எடுத்துக்கொள்ள அவள் ஆயத்தமாக இல்லை.

"மையத்து எடுக்கிறதுக்குப் பயமில்ல ராத்தா" என்றாள் நாச்சியா கடைசியில். "ஆரு ஊட்டுல மௌத்தில்ல? என்ட வாப்பா இந்த ஊட்டுலதான் மௌத்தான. நான் பயப்புடுறது வேற."

"செல்லுங்க."

"நாலு மாசம் பத்து நாள் முடிஞ்சாப் பொறகு? பதினோராம் நாள் விடிஞ்சா எங்க போவீங்க? ஒங்களுக்கு ஊடில்ல. மகனுக்கும் ஊடில்ல. புருசன் இல்லாத பொம்புளய, இந்த ஊட்டுல இத்தா இருந்த பொம்புளய, எழும்பு எண்டு நான் எந்த வாயால செல்லுவன்? என்னால ஏலா. ஊரும் உடாது. அப்பிடி எண்டா என்ட மகள்ர ஊடு போச்சு. மாப்புள ஊட்டார் ஊட்டப் பாத்துத்தானே வாறாங்க. ஊடில்லாத பொண்ண ஆரு முடிப்பான் ராத்தா? ஒரு பொம்புளக்கு ஊடில்லாட்டி என்ன நடக்கும் எண்டு…" அவள் நிறுத்தினாள்.

"என்னப் பாத்தா தெரியும்" என்று சுபைறா முடித்துவைத்தாள்.

 வளவில் கோழி ஒன்று கத்திக்கொண்டு ஓடியது.

அந்தப் பதினோராம் நாளைப் பற்றி சுபைறா நினைத்ததே இல்லை. ஹமீட்டும் நினைக்கவில்லை. மௌத்து வரைக்கும் கேள்வி கேட்டார்கள், இத்தா வரைக்கும் கேட்டார்கள். அதற்கு அப்பால் இருந்ததை இந்தப் பெண்தான் ஒரு மாதமாகத் தனியே இருந்து யோசித்திருக்கிறாள்.

"நான் போயிருவன் தங்கச்சி. அல்லாட மேல ஆணையா…"

"ஆணையிட வேணாம்" நாச்சியா கையை நீட்டித் தடுத்தாள். "ஒங்கட தங்கச்சிய வரச்செல்லுங்க. அவட ஊட்டுக்குக் கூட்டிப் போறன் எண்டு அவட வாயால செல்லட்டும். அவட புருசன் செல்லப்படா. ஊட்டுக்குரியவ செல்லணும். அப்பிடி எண்டா நீங்க இஞ்ச இரிங்க. கலியாணத்த நான் தள்ளிப் போடுறன்."

சரீபாவைக் கேட்பது நாச்சியாவைக் கேட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது. வெளியார் முன்னால் கையேந்த வெட்கம் ஒருமுறைதான். கூடப் பிறந்தவளிடம் கேட்டு அவள் மறுபடியும் கறியை அள்ளி வைத்துக்கொண்டு குனிந்தால், பிறகு யார் இருக்கிறார்கள்? சுபைறா ஒழுங்கையில் இரண்டு தரம் நின்றாள். இரண்டு தரமும் ஹமீட்டின் சுவர்ப்பக்கம் திரும்பிய முதுகு கண்ணுக்குள் வந்தது. நடந்தாள்.

சரீபா கலியாணத்துக்கு மாவிடித்து அரித்துக்கொண்டிருந்தாள். கை முழங்கை வரைக்கும் வெள்ளை. ராத்தாவைக் கண்டதும் எழுந்தாள். சுபைறா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சரீபாவின் புருசன் விறாந்தையில் இருந்து, "என்னவாம்?" என்று குரல் கொடுத்தான்.

"ஒண்டுமில்ல, நீங்க இரிங்க" என்றாள் சரீபா. பிறகு தாழ்ந்த குரலில், "அண்டைக்கு அவர் கதைக்கக்குள்ள நான் வாயத் தொறக்கல்ல ராத்தா. அதுக்குப் பொறகு எனக்குச் சோறு ஒழுங்கா இறங்கல்ல" என்றாள்.

"அத உடு. இப்ப என்ன செல்ற?"

சரீபா கை கழுவவில்லை. மாவோடு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள். விறாந்தையைக் கடக்கும்போது புருசனிடம், "நான் ராத்தாவோட போய்ட்டு வாறன்" என்றாள். "எங்க?" என்று அவன் கேட்டதற்கு, "என்ட ஊட்டுல ஆரு இரிக்கிற எண்டு செல்லப் போறன்" என்றாள். அவன் வாய் பிளந்து நின்றான்.

நாச்சியாவின் குசினியில் பேச்சு அதிகம் இல்லை. "இத்தா முடியிற அண்டைக்கு நானே வந்து கூட்டிட்டுப் போவன்" என்றாள் சரீபா. "அந்த நேரம் என்ட மகள்ர கலியாணமும் முடிஞ்சிரிக்கும். பின்னறை ராத்தாட அறை. மருமகன் என்ன சென்னாலும் சரி, என்ட புருசன் என்ன சென்னாலும் சரி. அது என்ட உம்மா எனக்குத் தந்த ஊடு."

நாச்சியா அவளுடைய மாவு படிந்த கைகளைப் பார்த்தாள். "அப்ப சரி" என்றாள். சுபைறாவின் பக்கம் திரும்பினாள். "இரிங்க ராத்தா. நான் செல்றன், இரிங்க."

சுபைறா வீட்டுக்கு வந்து ஹமீட்டின் பக்கத்தில் அமர்ந்து, நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அவ வாயாலயே சென்னாவா?"

"ஓம். அவ வாயாலயே."

"நீதான் கேட்டியா?"

"ஓம். நான்தான்."

ஹமீட் அவளுடைய கையைத் தேடிப் பிடித்தார். "இருபத்தெட்டு வருசம் சனத்தக் கேள்வி கேட்டு என்ன புண்ணியம்" என்றார். பிறகு சாமான் கட்டுவதைப் பற்றிப் பேசவில்லை.

அதற்குப் பிறகு பதினாறு நாள் இருந்தார். ஒரு வியாழக்கிழமை மதியம் லுஹர் பாங்குக்கு முன், மறுபடி வந்திருந்த ஸிராஜ் பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டிருந்தபோது உயிர் போயிற்று. முத்தலிப் கடையைப் பூட்டிவிட்டு வந்து, மையத்தைக் குளிப்பாட்டும் இடத்துக்குத் தன் கையாலேயே மறைப்புக் கட்டினார். பின்னேரம் அஸருக்குப் பிறகு மையத்தைச் சுமந்த சந்தூக்கு முன்வாசலால் இறங்கியது. பெண்கள் உள்ளே அழுதார்கள். சுபைறாவைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் நாச்சியாவும் இருந்தாள். அன்று மாலை மக்ரிபுக்கு முன் அவளே உள்ளறை யன்னலுக்குத் தடித்த துணி ஒன்றை ஆணியடித்துக் கட்டினாள்.

சுபைறா வெள்ளை உடுத்து அந்த அறைக்குள் இருந்தாள். நாள்கள் மெல்லப் போயின. சரீபாவின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. சுபைறாவுக்குக் கலியாணச் சோற்றில் பங்கு வந்தது, அவள் போகவில்லை. இத்தாக்காரி போக முடியாது. காலையில் அப்னா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். நாச்சியா பகலில் ஒருமுறை வருவாள். அதிகம் பேசமாட்டாள். சோறு போதுமா, தலைக்கு எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவாள். கலியாணம் தள்ளிப்போன விசயத்தில் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்ததாக அப்னா சொன்னாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, சுபைறாவும் கேட்கவில்லை.

முப்பத்தைந்தாம் நாள் வெயில் சாய்கிற நேரம் ஒழுங்கையில் வேன் ஒன்று வந்து நின்றது. பல குரல்கள் கேட்டன. சுபைறா துணி கட்டிய யன்னலுக்குக் கிட்டப் போனாள். ஒன்றும் தெரியவில்லை. பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்டது.

"மாப்புளட சாமானுகளுக்கு அளவு எடுக்க வந்திரிக்கம்" என்றது ஒரு வயதான பெண்குரல். "மாப்புளயும் அவர்ர காக்காவும் வந்திரிக்காங்க. ஊட்ட ஒருக்காத் தொறந்து காட்டுங்க. அஞ்சு நிமிசம்."

முத்தலிப்பின் குரல் தடுமாறியது. "அது… இப்ப உள்ளுக்கு…"

"தெரியும் தெரியும். அந்தப் பொம்புளய இந்தக் கொஞ்ச நேரம் உங்கட ஊட்டுக்குள்ள இரிக்கச் செல்லுங்களன். என்ன பெரிய வேலையா? இல்லாட்டி மகன்ட ஊட்டுக்கே அனுப்பிருங்க. வாடகைக்கு வந்தவதானே."

முத்தலிப்பிடமிருந்து பதில் வரவில்லை.  தன்னால் ஒரு பெண்ணின் கலியாணம் நிற்பதா என்று சுபைறா நினைத்தாள். கொடியில் கிடந்த இரண்டு வெள்ளைச் சேலைகளை இழுத்துப் பைக்குள் வைத்தாள். தொழுகைப் பாயைச் சுருட்டினாள். எங்கே போவது, யார் கண்ணில் படாமல் போவது என்று தெரியாமலே முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவுக்குக் கிட்ட வந்தாள்.

அப்போது நாச்சியாவின் குரல் கேட்டது. திரைக்குப் பின்னால் இருந்து அல்ல. முற்றத்தில் இருந்து.

"ஏலா. உள்ளுக்கு ஒரு பொம்புள இத்தா இரிக்கா. இன்னும் தொண்ணூத்திமூணு நாள் இரிக்கி. அது முடிஞ்சா வாங்க, நானே தொறந்து காட்டுறன்."

"என்ன நாச்சியா இது? ஊடு வேற ஆளுக்கு எண்டு கதைக்கிறாங்க ஊருல."

"ஊடு என்ட மகளுக்குத்தான். அந்தப் பொம்புளய இரிக்கச் சென்னது நான்தான்."

"அப்ப கலியாணம்?"

"அதுவும் அதுக்குப் பொறகுதான்."

"அது வரைக்கும் நாங்க பாத்துக்கொண்டு இரிப்பம் எண்டு நினைக்கிறீங்களோ?"

"அத நீங்கதான் செல்லணும். பேசாமப் போகாதீங்க. இருப்பம் எண்டோ இருக்க மாட்டம் எண்டோ இஞ்சயே வாயால செல்லிட்டுப் போங்க. அப்பதான் நாங்களும் எங்கட வேலையப் பாக்கலாம்."

 பிறகு ஒரு ஆண்குரல், மாப்பிள்ளையோ அவன் காக்காவோ, ஏதோ தணிவாகச் சொன்னது. என்னவென்று சுபைறாவுக்கு விளங்கவில்லை. செருப்புகள் மணலில் உரசின. வேன் கதவு இழுபட்டு மூடியது. சத்தம் ஒழுங்கை முனை வரைக்கும் போய்த் தேய்ந்தது.

அவர்கள் காத்திருப்போம் என்று சொன்னார்களா, மாட்டோம் என்று சொன்னார்களா? நாச்சியா உள்ளே வந்து சொல்வாள் என்று சுபைறா எதிர்பார்த்தாள். அவள் வரவில்லை. முன்வீட்டுக் குசினியில் அம்மியில் எதையோ அரைக்கும் சத்தம் எழுந்தது. ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

சுபைறா பையைத் திறந்தாள். இரண்டு வெள்ளைச் சேலைகளையும் உதறி மறுபடி கொடியில் போட்டாள்.